வரகு வார்டு

என் வயிறு எனக்கு முன்னால் நடந்துபோய்க்கொண்டிருந்தது உண்மைதான். அதை மறைத்து எனக்கு ஒன்றும் ஆகப்போவதில்லை. நான் தையல்காரன்; எங்கள் தெருவில் உள்ள அத்தனை இடுப்புக்கும் டேப் பிடித்தவன். என் இடுப்பை மட்டும் கவனிக்காமல் விட்டுவிட்டேன். மகள் கல்யாணத்துக்கு நானே எனக்கு ஒரு கோட்டு தைத்துப் போட்டுப் பார்த்தபோதுதான் விஷயம் தெரிந்தது. பித்தான் ஒரு பக்கமும் அதன் ஓட்டை ஒரு பக்கமும், பேச்சுவார்த்தை இல்லாத பங்காளிகள் மாதிரி விலகி நின்றன.

பார்த்துக்கொண்டிருந்த என் மனைவி சிரித்திருந்தால் நான் தப்பித்திருப்பேன். அவள் கண்கலங்கிவிட்டாள். சர்க்கரை ஏறிப்போயிருக்கிறது, சோற்றைக் குறைத்து வரகு சாப்பிடுங்கள் என்று பக்கத்துத் தெரு டாக்டர் ஏற்கெனவே சொல்லியிருந்தார். கல்யாணத்தன்று எல்லார் முன்னாலும் நான் மூச்சு வாங்கி விழுந்துவிடுவேனோ என்ற பயம் அவளுக்கு. வரகுதானே, என் கடைக்கு அடுத்த மளிகைக் கடையில் மூட்டையாக வாயைத் திறந்துகொண்டு நிற்கிறது, வாங்கிக் காய்ச்சிக் குடித்துவிட்டுப் போகிறேன் என்றேன். நியாயமான பேச்சு. அதனால்தான் எடுபடவில்லை.

அவளுக்கு ஒரு தம்பி இருக்கிறான். பாரம்பரிய மருத்துவ ஆராய்ச்சி நிலையத்தில் வாசல் காவலாளி. வேலை இன்னும் நிரந்தரமாகவில்லை, ஆனால் நிலையத்தைப் பற்றி அவன் பேசுவதைக் கேட்டால் அவனே செங்கல் எடுத்துக் கட்டியது மாதிரி இருக்கும். அங்கே வரகுக்கென்றே தனி வார்டு உண்டு என்றான். கஞ்சி குடிக்க எதற்கு மாப்ள வார்டு என்று கேட்டேன்.

"மாமா, வீட்ல குடிச்சா அது கஞ்சி. அங்க குடுத்தா அது சிகிச்சை," என்றான்.

அக்காவும் தம்பியும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அதற்கப்புறம் என்னை யாரும் ஒன்றும் கேட்கவில்லை. கல்யாணத்துக்கு இரண்டு வாரம் இருந்தது. அதற்குள் இளைத்து வந்துவிடலாம் என்று மாற்றுத்துணியைப் பையில் திணித்து என்னை அனுப்பிவைத்தார்கள்.

நிலையத்தில் முதலில் உடல்வாகு பார்த்தார்கள். வாதத்துக்கு ஒரு டாக்டர், பித்தத்துக்கு ஒரு டாக்டர், கபத்துக்கு ஒரு டாக்டர், மூன்று பேரும் மூன்று மேசையில் ஈ ஓட்டிக்கொண்டிருந்தார்கள். என்னைப் பார்த்ததும் மூவரும் எழுந்துவிட்டார்கள். வாத டாக்டர் என் இடது கையைப் பிடித்து, இவர் தூக்கத்தில் பேசுகிறவர், எனக்கு உரியவர் என்றார். நான் தூங்கும்போது பேசுவேனா என்று எனக்கு எப்படித் தெரியும்? பித்த டாக்டர் என் வழுக்கையைத் தடவிப் பார்த்து, இதைவிட என்ன அத்தாட்சி வேண்டும் என்றார். கப டாக்டர் என் வயிற்றைச் சுட்டிக்காட்டிவிட்டு வலது கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்விட்டார். பிடி பலமாக இருந்ததால் நான் கபம் என்று முடிவானது.

வரகு வார்டில் ஆறு கட்டில்கள். என் சட்டையைக் கழற்றி வாங்கிக்கொண்டு, முதுகுப் பக்கம் நாடா வைத்த ஒரு பச்சை அங்கியைக் கொடுத்தார்கள். தையல் என்று சொல்லிவிட்டால் அதற்கு ஒரு மரியாதை வேண்டும். அதைத் தைத்தவனை நேரில் பார்த்து நாலு வார்த்தை கேட்கவேண்டும் என்று இன்றைக்கும் எனக்கு ஆசை. சுவரில் வரகுக் கதிரின் படம் ஆளுயரத்துக்குத் தொங்கியது. சாப்பாட்டு நேரம் வந்தது. நர்ஸம்மா ஒரு பித்தளைத் தட்டில் கிண்ணம், கரண்டி, மடித்த துணி எல்லாம் வைத்துக் கொண்டுவந்து என் மடியில் வைத்தார். கிண்ணத்தில் ஒன்றுமில்லை. சற்று நேரம் பக்கத்தில் நின்றார். பிறகு துணியால் என் வாயைத் துடைத்துவிட்டுத் தட்டை எடுத்துக்கொண்டு போனார்.

நான் வாயைப் பிளந்துகொண்டு உட்கார்ந்திருப்பதைப் பார்த்து பக்கத்துக் கட்டில்காரர் சிரித்தார். ஓய்வுபெற்ற பஸ் கண்டக்டர். போன மாதம் வந்தவராம். வரும்போது தொப்பையோடு வந்தவர் என்று அவர் சொல்லித்தான் தெரியும். இப்போது அங்கிக்குள் ஆளைத் தேடவேண்டியிருந்தது. தலையணை உறைக்குள் கையை விட்டு ஒரு பிஸ்கட்டை எடுத்து, பாதியை ஒடித்து எனக்குக் கொடுத்தார். கூட்டுகிற அம்மா வாளிக்குள் மறைத்துக் கொண்டுவந்து கொடுக்கிற பிஸ்கட். வார்டில் வேறு எதுவும் வாய்க்குள் போகக்கூடாது, வரகும் சீரக வெந்நீரும் மட்டும்தான். வெந்நீர் மூன்று வேளையும் தவறாமல் வந்தது, அதில் குறை சொல்லக்கூடாது.

வரகு ஏன் வரவில்லை என்று கேட்க நான் கிடங்குக்கே போனேன். ஸ்டோர் கீப்பர் நல்ல மனிதர். உட்காரவைத்துப் பேசினார். உள்ளே மூட்டைகள் கூரைவரை அடுக்கியிருந்தன. வரகு வாசனை குப்பென்று அடித்தது. எனக்கு நாக்கில் எச்சில் ஊறிவிட்டது, வெட்கமில்லாமல் சொல்கிறேன்.

"இது புது வரகு," என்றார் அவர். "புது தானியம் உடம்புக்குக் கனம், கபத்தைக் கூட்டும்னு பழைய வைத்திய நூல்லயே இருக்கு. ஒரு வருஷம் பழசாகணும். அதுக்கு முன்னால குடுத்தா உங்க உடம்புக்கு நான் துரோகம் பண்ணினவனாயிடுவேன்."

ஒரு வருஷம் ஆனதைக் கொடுங்கள் என்றேன்.

"ஒரு வருஷம் ஆயிட்டா மருந்துச் சட்டப்படி காலாவதி. அதைக் குடுத்தா சட்டத்துக்குத் துரோகம். துரோகம் பண்ணிச் சம்பளம் வாங்கற ஆள் நானில்லை."

புதுசாகவும் இல்லாமல் காலாவதியாகவும் இல்லாமல் நடுவில் ஒன்றுமே கிடையாதா என்று கேட்டேன். அவர் முகம் மலர்ந்தது. இதுவரை யாரும் இவ்வளவு புத்திசாலித்தனமாகக் கேட்டதில்லை என்றார். நடுவில் ஒரு நாள் இருக்கிறது. மிகச் சரியாக ஒரு வருஷம் முடிகிற அந்த நாள். அன்றைக்கு மட்டும் வரகு பழசு, ஆனால் காலாவதி இல்லை. அன்று கொடுக்கலாம். ஆனால் புது மூட்டைகள் ஒவ்வொரு வருஷமும் நிலையத்தின் ஆண்டு விழாவன்று, போட்டோ எடுத்து, மேடையில் வைத்துத்தான் வாங்கப்படுகின்றன. ஆகவே ஒரு வருஷம் முடிகிற நாளும் ஆண்டு விழாவாகத்தான் இருக்கும். ஆண்டு விழாவன்று கிடங்குக்கு விடுமுறை.

"அன்னிக்கு நான் மேடையில இருக்கணும் பாருங்க," என்றார். "மூட்டையை வாங்கறது நான்தானே."

அப்படியே கொடுத்திருந்தாலும் அதைக் காய்ச்ச இடமில்லை என்பது பிறகுதான் தெரிந்தது. வரகு மருந்து, மருந்தை அடுப்பில் ஏற்ற மாட்டோம் என்றது சமையற்கட்டு. காய்ச்சினால் அது சமையல், சமையல் எங்கள் வேலை இல்லை என்றது மருந்தகம். இரண்டுக்கும் நடுவில் உள்ள நடைபாதையில் காய்ச்சுவது என்று ஒரு சமரசம் ஏற்பட்டு, அங்கே ஒரு அடுப்பும் வைக்கப்பட்டிருந்தது. நடைபாதையில் நெருப்பு மூட்டக்கூடாது என்று அதற்கு மேலேயே ஒரு பலகையும் மாட்டப்பட்டிருந்தது.

காலாவதியான வரகை என்ன செய்வார்கள் என்று நீங்கள் கேட்கலாம். அதை அழிக்க ஒரு குழு இருக்கிறது. தினமும் காலையில் குழு கூடி, டீ குடித்து, ஒரு முறம் வரகை எங்கள் ஜன்னலுக்கு வெளியே முற்றத்தில் கொட்டும். ஒரே நாளில் கொட்டிவிட்டால் அப்புறம் குழுவும் டீயும் எதற்கு? கொட்டியதும் புறாக்கள் வரும். வரும் என்றால் நடந்துதான் வரும். வருஷக்கணக்காக அந்த வரகைத் தின்று ஒவ்வொன்றும் கோழி அளவுக்கு ஊதிப்போய், பறப்பதையே விட்டுவிட்டன. உடம்பை இளைக்கவைக்கும் தானியத்தைத் தின்று புறா ஏன் பெருக்கிறது என்று ஆராய ஒரு பிரிவு தொடங்கும் யோசனை இருப்பதாகக் கேள்விப்பட்டேன். நாங்கள் ஆறு பேரும் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு புறாக்கள் சாப்பிடுவதைப் பார்த்துக்கொண்டிருப்போம்.

ஒரு காலை என்னால் முடியவில்லை. முற்றத்துக்கு இறங்கிப் புறாக்களுக்கு நடுவில் குந்தி உட்கார்ந்து ஒரு கைப்பிடி அள்ளினேன். விசில் சத்தம் கேட்டது. என் மச்சினன்.

"மாமா, அதைக் கீழ போடுங்க. அது மனுஷனுக்கு ஆகாது."

மாப்ள, பசிக்குதுடா என்றேன். அவன் முகம் வாடிவிட்டது. பக்கத்தில் வந்து குரலைத் தாழ்த்திச் சொன்னான். நோயாளி ஒருவர்கூட விதியை மீறாமல், சிகிச்சை முடியாமல் வெளியே போகாமல் பார்த்துக்கொண்டால் ஆண்டு விழாவில் அவன் வேலையை நிரந்தரமாக்குகிறார்களாம். வேலை நிரந்தரமானால்தான் அவனுக்குப் பெண் கொடுப்பார்களாம். அவன் கண்ணைப் பார்த்தேன். கையில் இருந்ததைப் புறாக்களிடமே போட்டுவிட்டேன். ஓடிப்போகலாம் என்று மனதில் போட்டிருந்த திட்டமும் அதோடு போயிற்று.

எடை மட்டும் மளமளவென்று இறங்கியது. சேதி மேலே போய், டைரக்டரே வார்டுக்கு வந்தார். அவருக்குப் பின்னால் துணை டைரக்டர், அவருக்குப் பின்னால் மூன்று தோஷத்து டாக்டர்கள், கடைசியில் குறிப்பெடுக்கும் மாணவர்கள். டைரக்டர் என் தொளதொளத்த அங்கியைப் பிடித்துப் பார்த்துப் பரவசமானார். வரகின் இயல்பே சுரண்டுவது, கொழுப்பைச் சுரண்டி எடுத்து நீரை வற்றவைத்துவிடும் என்று மாணவர்களுக்கு விளக்கினார்.

நான் கையைக் கட்டிக்கொண்டு, ஐயா, தப்பா நினைக்காதீங்க, நான் இன்னும் வரகைச் சாப்பிடவே இல்லை என்றேன்.

அவர் அசரவில்லை. மாணவர்கள் பக்கம் திரும்பினார். "கேட்டீங்களா? சாப்பிடாமலே இவ்வளவு வேலை செய்யுது. வேற எந்த மருந்தாவது இப்படிச் செய்யுமா? அலோபதியில ஒரு மாத்திரை சொல்லுங்க பார்ப்போம், முழுங்காமலே கேக்கற மாதிரி?"

மாணவர்கள் எழுதிக்கொண்டார்கள். ஒருவன் அடிக்கோடும் போட்டான்.

அந்தச் சந்தர்ப்பத்தை விடாமல், மகளுக்குக் கல்யாணம், நான் வீட்டுக்குப் போகவேண்டும் என்றேன். டைரக்டர் பரிவோடு தோளில் கை வைத்தார். தாராளமாகப் போகலாம், சிகிச்சை முடிந்ததும் போகலாம் என்றார். எப்போது முடியும் என்று கேட்டேன். முதல் கிண்ணம் வரகு உள்ளே போனதிலிருந்து நாற்பத்தெட்டு நாள் என்றார். முதல் கிண்ணம் எப்போது வரும்? அது கிடங்கைப் பொறுத்தது. ஆரம்பிக்காத சிகிச்சையை முடித்துவைக்கும் அதிகாரம் தனக்குக்கூடக் கிடையாது என்று வருத்தப்பட்டார். ஆண்டு விழா மேடையில் என்னை உட்காரவைக்கப் போவதாகவும் சொன்னார். ஆண்டு விழா கல்யாணத்துக்கு முதல் நாள்.

சேதி கேட்டு மனைவி ஓடிவந்தாள். நான் பட்டினி கிடப்பதை அவள் தம்பி அவளிடம் சொல்லியிருக்கவில்லை. எலும்பும் தோலுமாக நின்ற என்னைக் கம்பிக் கதவு வழியாகப் பார்த்துவிட்டு, அவனை வாசலிலேயே வைத்து அவள் திட்டிய திட்டுக்கு, மற்ற காவலாளிகள் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார்கள். மறுநாள் தூக்கு நிறைய வரகுக் கஞ்சி காய்ச்சிக் கொண்டுவந்தாள். அடுத்த கடை மூட்டையில் வாங்கிய வரகுதான். தம்பி தலையைக் குனிந்துகொண்டே தூக்கை வாங்கிக் காவலர் அறையில் வைத்துவிட்டான். வெளி மருந்துக்கு உள்ளே அனுமதி இல்லை. இது மருந்து இல்லைடா, கஞ்சி என்றாள். கஞ்சி என்றால் சாப்பாடு, சாப்பாடு நோயாளிக்கு அனுமதி இல்லை என்றான். சொல்லிவிட்டு அவனே அழுதுவிட்டான்.

"கல்யாணத்துக்கு அப்பா வரலைன்னா நான் மணையில உட்கார மாட்டேன்னு சொல்லுது உங்க பொண்ணு," என்று கம்பிக்கு அந்தப் பக்கமிருந்து மனைவி சொன்னாள். "நான் என்னங்க பண்ணுவேன்? நான்தான உங்களை இங்க அனுப்பினேன்."

எனக்குப் பசி மறந்துபோயிற்று. மகள் சின்ன வயதில் தையல் மிஷினுக்கு அடியில் உட்கார்ந்து வெட்டுத் துணியில் பொம்மைக்குப் பாவாடை தைத்தவள். அவள் கல்யாணத்துக்கு நான் இல்லாமல் எப்படி?

ஆண்டு விழா வந்தது. ஆறு பேருக்கும் பச்சை அங்கியை இஸ்திரி போட்டுக் கொடுத்து, ஐந்து பேரை மேடைக்குக் கீழே வரிசையாக உட்காரவைத்தார்கள். என்னை மட்டும் மேலே. தலைமை விருந்தினர் துறைச் செயலாளர் அம்மா. விடிந்ததும் கிளம்பி நெடுந்தூரம் வந்தவர், ஒன்றும் சாப்பிடாமல் வந்திருக்கிறார் என்று கொட்டாவியிலேயே தெரிந்தது. பசித்தவனுக்குப் பசித்தவரைத் தெரியாதா? ஸ்டோர் கீப்பர் புது மூட்டையைக் கட்டிப்பிடித்தபடி போட்டோவுக்கு நின்றார். பிறகு டைரக்டர் பேசினார்.

"இந்த நிலையம் தொடங்கிய நாளிலிருந்து இன்றுவரை, வரகுச் சிகிச்சையால் ஒரே ஒரு நோயாளிக்குக்கூடப் பக்கவிளைவு வந்ததில்லை. கசக்கிறது என்று ஒருவர் முகம் சுளித்ததில்லை. போதும் என்று ஒருவர் சொன்னதில்லை. எங்கள் கிடங்கிலிருந்து ஒரு மணி வரகு தவறான வாய்க்குள் போனதில்லை என்பதைப் பெருமையோடு தெரிவித்துக்கொள்கிறேன்."

கைதட்டல் அடங்கியதும் செயலாளர் அம்மா மைக்கை வாங்கினார். இவ்வளவு கேட்டபிறகு எனக்கும் அந்தக் கஞ்சியைக் குடித்துப் பார்க்க ஆசையாக இருக்கிறது, ஒரு கிண்ணம் கொண்டுவாருங்கள் என்றார்.

மேடையில் யாருக்கும் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. டைரக்டர் துணை டைரக்டரைப் பார்த்தார், அவர் ஸ்டோர் கீப்பரைப் பார்த்தார், ஸ்டோர் கீப்பர் மூட்டையைப் பார்த்தார். பழைய வரகு கொடுக்கத் தகுந்த ஒரே நாள் அன்றுதான். கிடங்குக்கு விடுமுறையும் அன்றுதான். துணை டைரக்டர் மேடையின் பின்பக்கமாக இறங்கி ஓடினார். சற்று நேரத்தில் என் மச்சினன் கையில் பித்தளைக் கிண்ணத்தோடு படியேறி வந்தான். ஆவி பறந்தது. அந்த மணம் எனக்குத் தெரியும். அது என் மனைவி தாளிக்கிற சீரகம். அன்றும் கொண்டுவந்து வாசலில் பறிகொடுத்திருக்கிறாள்.

செயலாளர் அம்மா வழித்துக் குடித்தார். இன்னொரு கிண்ணம் கேட்டு அதையும் குடித்தார். எனக்கு முன்னால், கைக்கு எட்டும் தூரத்தில். பிறகு முகம் தெளிந்து என் பக்கம் திரும்பினார்.

"தினமும் இது கிடைக்குதே, குடுத்துவெச்சவர் நீங்க. எப்படி இருந்துது சொல்லுங்க?"

மைக் என் வாய்க்கு நேராக இருந்தது. டைரக்டர் கண்ணாலேயே கெஞ்சினார். நான் என் மகளை நினைத்துக்கொண்டேன்.

"தெரியலீங்கம்மா. எனக்கு இன்னும் ஒரு வாய்கூடக் குடுக்கலை," என்றேன்.

டைரக்டர் பெரிய ஆள், ஒரு நொடிகூடத் தடுமாறவில்லை. ஆராய்ச்சி என்றால் மருந்து சாப்பிடுகிறவர்களோடு ஒப்பிட்டுப் பார்க்க, மருந்தே கொடுக்காமல் சிலரை வைத்திருப்பார்கள், அந்த ஒப்பீட்டு ஆள்தான் இவர் என்றார். சாப்பிடாதவரே இப்படி இளைத்திருந்தால் சாப்பிட்டவர்கள் எப்படி இருப்பார்கள் என்று யோசித்துப் பாருங்கள் என்றார். சாப்பிட்டவர்கள் எங்கே என்று அம்மா கேட்டார். அவர்களை அடுத்த ஆண்டு தேர்ந்தெடுப்போம் என்றார் டைரக்டர்.

எனக்கு எங்கிருந்து தைரியம் வந்ததோ. "அப்போ எனக்குச் சிகிச்சையே கிடையாதுங்களா? இல்லாத சிகிச்சை முடியறவரைக்கும் நான் எதுக்குங்க இங்க இருக்கணும்? நாளைக்கு என் பொண்ணுக்குக் கல்யாணம்."

செயலாளர் அம்மா டைரக்டரைப் பார்த்தார். டைரக்டர் வாயைத் திறந்து, மூடி, மறுபடியும் திறந்து, அவர் போகலாம் என்றார். அவ்வளவுதான். கீழே வரிசையிலிருந்து கண்டக்டர் எழுந்து, "நானும் ஒப்பீடுதாங்க," என்றார். அடுத்தவர் எழுந்தார். ஆறு பேரும் ஒப்பீடு. மச்சினன் கதவை அகலத் திறந்துவிட்டான். சமயத்தில் கஞ்சி கொண்டுவந்ததற்காக அவனுக்கு அந்த மேடையிலேயே வேலை நிரந்தரமாயிற்று.

மறுநாள் கல்யாணம். கோட்டைப் போட்டேன், இப்போது பித்தான் தாராளமாகச் சேர்ந்து, உள்ளே இன்னொரு ஆளுக்கு இடமிருந்தது. மகள் என்னைக் கட்டிக்கொண்டு, என்னப்பா இப்படி ஆயிட்டீங்க என்று அழுதாள். நானும் அழுதேன். வார்டு நண்பர்கள் ஐந்து பேரும் வந்திருந்தார்கள். முதல் பந்தியில் உட்கார்ந்தவர்கள் மூன்றாம் பந்தியிலும் எழுந்திருக்கவில்லை.

வந்த சொந்தக்காரர்கள் எல்லாரும் ஒரே கேள்விதான் கேட்டார்கள், எப்படி இளைத்தீர்கள் என்று. நான் வாயைத் திறப்பதற்குள் மனைவி முந்திக்கொண்டாள். ஆரம்பத்தில் அழுதவள்தான்; பத்துப் பேர் வியந்து பார்த்ததும் அவளுக்கே பெருமை வந்துவிட்டது. "எல்லாம் வரகுதான்," என்றாள்.

சம்பந்தி, அதாவது மாப்பிள்ளையின் அப்பா, என்னைவிடக் கனமான மனிதர். என்னை ஓரமாக அழைத்துப்போய், நாளைக்கு அந்த வார்டில் சேரப்போகிறேன், உங்கள் மச்சினன் கட்டில் பிடித்துக் கொடுத்துவிட்டார் என்றார். வேண்டாம் சம்பந்தி, அங்கே கஞ்சியே கிடையாது, பட்டினிதான் என்று உள்ளதை உள்ளபடி சொன்னேன். அவர் முகம் மாறிவிட்டது.

"நீங்க மட்டும் இளைச்சுட்டு, நான் இப்படியே இருக்கணும்னு பாக்கறீங்களா?" என்றார்.

கல்யாணத்தன்று சம்பந்தியிடம் மேற்கொண்டு வாதாட எந்தப் பெண்ணைப் பெற்றவனால் முடியும்? அவரைக் கையைப் பிடித்து அழைத்துவந்து பந்தியில் உட்காரவைத்தேன். பரிமாறுகிறவரிடமிருந்து கரண்டியை வாங்கி நானே பரிமாறினேன். போதும் போதும் என்றார். நான் நிறுத்தவில்லை. இனிப்பை இரண்டாம் முறையும் வைத்தேன்.

"சாப்பிடுங்க சம்பந்தி. நல்லா சாப்பிடுங்க."

பக்கத்தில் உட்கார்ந்திருந்த கண்டக்டர் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். கை கழுவிவிட்டு வந்தவர், தன் பையிலிருந்து ஒரு பிஸ்கட் பாக்கெட்டை எடுத்துச் சம்பந்தியின் சட்டைப்பையில் வைத்து, தட்டிக்கொடுத்துவிட்டுப் போனார்.